மறுமொழி: பிரௌனியன் இயக்கம் – ‘துகள் நடனம்’ சரிப்படாது

அனைவருக்கும் வணக்கம். நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் நடுங்குவதுதான் பிரௌனியன் இயக்கம். நம் மலேசியப் பிள்ளைகளுக்காக அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் ஒருவர் எழுதியது:

> ‘துகள் நடனம்’ என்றே வைத்துவிடலாமே. பிள்ளைகள் மனத்தில் பதியும்.

பதியும் அண்ணே, ஆனால் தப்பாகப் பதியும். நடனம் என்றால் ஆடுகிறவர் தானாக ஆடுகிறார் என்று பொருள். இங்கே துகள் ஆடவில்லை, சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளிடம் உதை வாங்குகிறது. 1827-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரௌன், மகரந்தத்திலிருந்து வந்த நுண்துகள்கள் நீரில் துள்ளுவதைப் பார்த்தபோது, அவருக்கும் முதலில் இது உயிரின் வேலையோ என்றுதான் தோன்றியது. அப்புறம் கண்ணாடித் தூள், கல் தூள், எகிப்திய ஸ்பிங்ஸ் சிலையின் துணுக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாம் துள்ளின. அவர் அன்றே தள்ளிவைத்த எண்ணத்தை நாம் ஒரு சொல்லைக் கொண்டு திரும்ப அழைத்துவர வேண்டுமா?

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது செம்பனைதான் அதிகம். இருந்தாலும் வீட்டுக்குப் பின்னால் நாலு கித்தா (ரப்பர்) மரம் இன்னும் பால் தருகிறது. போன வாரம் பால் வடியும் மங்கில் (கிண்ணத்தில்) இருந்து ஒரு சொட்டு எடுத்து, நிறையத் தண்ணீர் கலந்து, நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். புள்ளி புள்ளியாக நடுங்கிக்கொண்டே இருந்தது, ஓயவே இல்லை. “அப்பா, இதுக்கு உயிர் இருக்கா?” என்றாள் மகள். நடனம் என்ற சொல் காதில் விழாதபோதே இப்படி. பால் உறைய வைக்கும் ஆசிட்டைத் துளி சேர்த்ததும் துகள்கள் ஒட்டிக் கட்டியாகி, நடுக்கம் அடங்கிவிட்டது. கட்டி பெரிதானால் எல்லாப் பக்கத்து உதையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும்.

கித்தாப் பாலுக்கு இந்தக் கதையில் பழைய பங்கு உண்டு. 1908-இல் பாரிசில் விக்டர் ஆன்றி இதே பால் துகள்களைத் திரைப்படக் கருவியால் படம்பிடித்து, அவை நகர்வதை அளந்தார். அந்த ஆண்டுகளில் இயற்பியலாளர் ஜான் பெரின் எடுத்துக்கொண்டது கம்போஜ் என்ற மஞ்சள் பிசின். அதுவும் மரத்துப் பால்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று சிரம்பான் டீச்சர் கேட்டிருந்தீர்கள். டால்டன் 1808-இல் அணுவைக் கொண்டுவந்தது எடைக் கணக்கை வைத்து. ஒரே அளவு கார்பனோடு ஆக்சிஜன் இரண்டு விதமாகச் சேருகிறது, ஒன்றில் இருப்பதைப்போல் மற்றதில் சரியாக இரு மடங்கு. துண்டு துண்டாக எண்ணக்கூடிய பொருள் இருந்தால்தான் இப்படி வரும். ஆனாலும் நூறு ஆண்டு கழித்தும் மாக், ஓஸ்ட்வால்ட் போன்ற அறிவியலாளர்கள், அணு கணக்குக்கு வசதியான கற்பனை என்றே சொல்லிவந்தார்கள். 1905-இல் ஐன்ஸ்டைன், மூலக்கூறுகள் உண்மையிலேயே மோதினால் துகள் எவ்வளவு தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டார்: நேரம் 4 மடங்கானால் தூரம் சராசரியாக 2 மடங்குதான். பெரின் அளந்து பார்க்க, அப்படியே வந்தது. 1909-இல் ஓஸ்ட்வால்டே இறங்கி வந்து அணுவை ஏற்றுக்கொண்டார். பெரினுக்கு 1926-இல் நோபல் பரிசு. ஆக, அணு இருக்கிறது என்று வழக்கை முடித்த சாட்சி இந்த நடுக்கம். சாட்சியின் பெயரிலேயே உதைத்தவனை மறைத்துவிடக் கூடாது.

என் முன்மொழிவு: அலைக்கழிவு.

செய்தித்தாளில் ‘பொதுமக்களை அலைக்கழித்தனர்’ என்று வருகிற சொல்லாயிற்றே என்பீர்கள். அதனால்தான் எனக்கு அது பிடித்திருக்கிறது. அலுவலகத்தில் ஒரு முகப்பில் (கவுண்டரில்) இருந்து அடுத்த முகப்புக்கு, அங்கிருந்து மறுபடி முதல் முகப்புக்கு. நாள் முழுக்க நடந்தும் ஆள் பெரிய தூரம் போயிருக்க மாட்டார். அந்த 4-க்கு 2 கணக்கு இதில் தானாகவே வந்துவிடுகிறது. வினையாகவும் வளைகிறது: துகள் அலைக்கழிகிறது, மூலக்கூறுகள் அலைக்கழிக்கின்றன. ‘நடனம்’ என்றால் இந்த இரண்டாவது வாக்கியத்தை எப்படி எழுதுவீர்கள்?

பிரௌன் பெயர் வேண்டும் என்போருக்கு ‘பிரௌன் அலைக்கழிவு’. ‘பிரௌனியன்’ எதற்கு? அந்த ‘இயன்’ ஆங்கில விகுதி. நம் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியில் மலாயில் படிக்கப்போவதும் ‘கெராக்கான் பிரௌன்’தான், அங்கேயும் ‘இயன்’ கிடையாது.

‘அலைக்கழிதல்’ இன்னும் நல்லதா என்று எனக்கே ஒரு தயக்கம் இருக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.