பிரதிஷ்டை பண்டிகைக்கு முன் நம் கோயில் வரலாறு பற்றி

ஊர் உறவுகள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மும்பை சயானிலிருந்து எழுதுகிறேன்.

பண்டிகை மலருக்கு நம் திருநெல்வேலிச் சீமை இடையன்குடி கிறிஸ்தவக் கோயில் வரலாறு எழுதித் தரும்படி அண்ணாச்சிமார் கேட்டிருந்தார்கள். உட்கார்ந்து எழுதினால் ஒரு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. மிஷனரி கால்டுவெல் ஐயர் 1841இல் ஊருக்கு வந்தார், 1847இல் அஸ்திபாரம் போட்டார், 1877இல் அத்தியட்சர் (பிஷப்) ஆனார், 1880 ஜூலை 6இல் கோயில் பிரதிஷ்டை ஆனது, 1891 ஆகஸ்டில் கொடைக்கானலில் காலமான அவரைக் கொண்டுவந்து நம் கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அஸ்திபாரத்துக்கும் பிரதிஷ்டைக்கும் நடுவில் 33 வருஷம் இருக்கிறதே, அந்த வருஷங்கள் யாருடையவை? 1847இல் ஊரில் பிறந்த பிள்ளை, பிரதிஷ்டை அன்றைக்குத் தன் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு வந்திருக்கும். 1876-78 தாது வருஷப் பஞ்சமும் இதற்குள்தான் வந்துபோனது. பனையேறி, கருப்பட்டி காய்ச்சி, தேரிக்காட்டு மண்ணில் பிழைத்த குடும்பங்கள் அந்தப் பஞ்சத்தையும் தாண்டி, ஒரு கோபுரத்தை முடித்துப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவர் பேர்கூட நம் மலரில் வராமல் போனால் அது வரலாறு ஆகாது.

ஐயரைக் குறைத்துச் சொல்லவில்லை. நேர் வீதியும் கிணறும் மரமும் அவர் வைத்தது. அவர் மனைவி எலைசா அம்மாள் நாகர்கோவில் மிஷனரி மால்ட் ஐயர் மகள், தமிழ் கேட்டு வளர்ந்தவர். 1844இல் கல்யாணமாகி நம் ஊருக்கு வந்து, பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி ரேந்தை (லேஸ்) பின்னவும் சொல்லிக்கொடுத்தார். நம் வீடுகளில் பெண்கள் எழுத்து படித்த கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது, மலரில் அவருக்கு ஒரு வரி போதாது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும் என்பது என் எண்ணம். 1849இல் நம் சனங்களைப் பற்றி ஐயர் இங்கிலீஷில் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் இருந்த பேச்சு நம் முன்னோர்களை ரொம்பவே புண்படுத்தியது, எதிர்ப்பு பல வருஷம் ஓயவில்லை, மூக்குப்பீறிப் பக்கம் சட்டாம்பிள்ளை 1857இல் மிஷனை விட்டுப் பிரிந்து தனிச் சபையே கண்டார். மனசு நொந்த பிறகும் நம் ஊர்க்காரர்கள் கோயில் வேலையை விடவில்லை. கோயில் ஒரு மனிதருடையது என்று அவர்கள் நினைத்திருந்தால் அது பாதியிலேயே நின்றிருக்கும்.

கோயில் நம் எல்லாருடையது என்ற அந்த உரிமை, நம்மில் பாதிப்பேருக்குப் பண்டிகைப் பொதுவிருந்தான அசனத்தில்தான் புரிந்திருக்கும். ஓலைப்பாயை வரிசையாக விரித்து, வெள்ளைத்துணி போட்டு, வடித்த சோற்றை அதன்மேல் கொட்டி மலையாகக் குவிப்பார்கள், ஆவி அடங்குவதற்குள் அடுத்த செம்புப் பானைச் சோறு வந்துவிடும். கறிக்குழம்பை வாளியில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் ஊரில் பெரிய உத்தியோகஸ்தராக இருப்பார், பந்தியில் உட்கார்ந்திருப்பவர் அவர் வீட்டில் கூலிவேலை செய்தவராக இருப்பார். கோயிலுக்கு வராத பக்கத்து ஊர்ச் சனங்களும் தூக்குச்சட்டியோடு வருவார்கள், யாரும் யாரையும் கேள்வி கேட்டது கிடையாது. கோயிலுக்கென்று கைப்பிடி அரிசி எடுத்துவைத்த வீடுகளின் சோறுதானே அது.

இங்கே மும்பையில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. மராத்திச் சபையார் ஆராதனை முடித்து வெளியே வந்த பிறகுதான் நாங்கள் உள்ளே போகிறோம், பண்டிகை நாட்களில் அவர்கள் தாமதமானால் வெயிலில் காத்திருப்போம். நல்ல மனிதர்கள், இடம் கொடுத்ததற்கு நன்றியோடு இருக்கிறோம். ஆனாலும் இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு "நம் கோயில்" என்று சுட்டிக்காட்ட ஊர்க் கோயில்தான் இருக்கிறது. அவர்களிடம் ஐயர் கதையை மட்டும் சொன்னால் பாடப்புத்தகம் போலக் கேட்டுக்கொள்கிறார்கள். உன் பூட்டன் பேர் கோயில் பதிவேட்டில் இருக்கிறது என்றால் கண் விரிகிறது.

அதனால் மலருக்கு நான் கேட்பது இதுதான். குருவானவரிடமும் சபையை நடத்தும் சேகரக் கமிட்டியிடமும் முறையாக அனுமதி வாங்கி, ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகிய பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கவேண்டும். தாள் உதிரக்கூடியது, வேகமாகப் புரட்டக்கூடாது, இந்த வேலை தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்தாவது வைக்கலாம். செலவில் மும்பைச் சங்கம் பாதி ஏற்கும் என்று இங்கே பேசியிருக்கிறோம். மீதியைப் பெங்களூர், டெல்லி, வளைகுடா உறவுகள் பார்த்துக்கொண்டால் நல்லது.

அப்புறம், வீட்டில் ஆச்சி தாத்தா இருந்தால் இந்த வாரமே போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். உபதேசியார் யார், மணி அடித்தவர் யார், அசனத்துக்கு யார் வீட்டு அண்டா வந்தது, எந்த வருஷச் சண்டையில் யார் கோயிலுக்கு வராமல் இருந்தார், எதையும் விடவேண்டாம், சண்டையும் வேண்டும். ஆன்டாப் ஹில்லில் இருக்கும் நம் ஊர்ப் பெரியம்மாவிடம் ஞாயிறு மாலை நானும் தங்கச்சியும் போகிறோம். உங்கள் பக்கம் யார் யாரைப் பார்ப்பது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், ஒரே ஆளிடம் இரண்டுபேர் போகாமல் பார்த்துக்கொள்ளலாம்.