புதுப்பிப்பு: எஃப்சி வண்டி கைமாறிவிட்டது

அப்பா காலத்து மஹிந்திரா எஃப்சி-150 டிரக்கை விற்கலாமா என்று மூன்று மாதத்துக்கு முன்பு இங்கே உங்களிடம் கேட்டிருந்தேன். சரி, விற்றாகிவிட்டது. (எஃப்சி என்றால் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டா என்று கேட்டவர்களுக்கு: இல்லை, இன்ஜின் மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும் அந்த மாடலின் பெயர்.)

"வின்டேஜ் (பழம்பெரும் வண்டி) என்று பதிந்துவிட்டு விற்றால் நல்ல விலை போகும்" என்று பலர் சொன்னீர்கள். 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டினால் மட்டும் போதாது, வண்டி அசல் உருவம் மாறாமலும் இருக்க வேண்டும். எங்களுடையதில் அசல் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு பியூஜோ டீசல் வைத்தே இருபத்தைந்து வருஷம் ஆகிறது. போதாததற்கு பவர் ஸ்டீரிங், பின்னால் தேக்குப் பலகை வேறு. ஆக, அது நடக்காத காரியம்.

முதலில் வந்தவர் பழைய இரும்பு விலைக்குக் கேட்டார். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அடுத்தவர் கோத்தகிரிக்காரர். பெயின்டைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக அடியில் படுத்து சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) துரு இருக்கிறதா என்றுதான் தட்டிப் பார்த்தார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இன்ஜின் மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்ததால் பேச்சு சுலபமாக முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டோம். விலையில் நாற்பதாயிரம் விட்டுக்கொடுத்தேன்.

அப்புறம், கழற்றி வைத்திருந்த பழைய கார்புரேட்டரைக் கொடுக்க மறந்துவிட்டேன். நேற்று போனில் கேட்டார். பார்சல் வேண்டாம், வண்டியிலேயே வந்து எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்றேன்.