புதுக் கோழிகளைச் சேர்ப்பது தடுப்பூசிக்கு முன்பா, பின்பா?

எல்லாருக்கும் வணக்கம். மேய்ச்சல் முறையில் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். அக்கா பண்ணையிலிருந்து கொஞ்சம் விடைக்கோழிகள் (இளங்கோழிகள்) வரப்போகின்றன. முதலில் தனிக் கொட்டகையில்தான் விடுவோம், அதில் குழப்பமில்லை. அப்புறம் ஒன்றாகச் சேர்க்கும்போதுதான் பிரச்சினை.

யார் பெரிய ஆள் என்று கொத்திக்கொண்டு முடிவு செய்வது கோழிகளின் வழக்கம். தோற்றது தீவனத் தொட்டிப் பக்கமே வராது. அந்த அழுத்தத்தில் கார்டிகோஸ்டீரோன் ஹார்மோன் கூடி, எதிர்ப்பு சக்தி தரும் லிம்போசைட் அணுக்கள் குறையும். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிராஸ், சீகல் என்ற ஆய்வாளர்கள் 1960களிலேயே கோழிகளை அடிக்கடி கூண்டு மாற்றிக் கலந்து பார்த்திருக்கிறார்கள். நாள்பட்ட சளிநோய் தரும் மைக்கோபிளாஸ்மா அவற்றை அதிகம் தாக்கியது. ஆனால் ஈகோலை கிருமியை நன்றாகவே தாங்கின! ஆக, அழுத்தம் வந்தால் எல்லா நோயும் வரும் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்ல முடியாது போல.

எங்களுக்கு வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான தடுப்பூசி நாள் நெருங்குகிறது. சண்டை நடக்கும் நேரத்தில் ஊசி போட்டால் சரியாகப் பிடிக்காதோ என்று பயம். ஊசி போட்டு எத்தனை நாள் கழித்துச் சேர்க்கிறீர்கள்? நடுவில் கம்பி வலை கட்டிப் பழக்குவது, இருட்டியபின் கூட்டில் விடுவது, இதில் எது கைகொடுத்தது? சேவல் இருந்தால் சண்டை குறையுமா?

கூடுதல் தொட்டி வைக்க டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். பிராய்லர் அண்ணன்கள் கோபிக்க வேண்டாம், நாட்டுக்கோழி அனுபவம்தான் தேவை.