ஹெச்.எம்.மிடம் சொன்னால் போதுமா, போலீசுக்கும் சொல்லணுமா?

கணக்கு டீச்சர்:
எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு பிள்ளை கொஞ்ச நாளாகக் கடைசி பெல் அடித்த பிறகும் வீட்டுக்குப் போகாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கேட்டதில், அம்மாவுக்கு நைட் ஷிப்ட் உள்ள நாட்களில் சித்தப்பா வீட்டுக்கு வருவார், அவர் தொடுவது பிடிக்கவில்லை என்றாள். அதற்கு மேல் வாயே திறக்கவில்லை. ஹெச்.எம்.மோ, "ஆதாரம் இல்லாமல் குடும்ப விஷயத்தில் தலையிடாதீங்க, பள்ளி பேர் கெட்டுடும்" என்கிறார். என் கடமை அதோடு முடிந்ததா? பொய்ப் புகார் என்று என் மேலேயே திரும்பினால்?

கோர்ட் வாசல்:
உங்கள் கடமை முடியவில்லை டீச்சர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் (2012) 19-வது பிரிவுப்படி, விஷயம் தெரிந்த யாராக இருந்தாலும் உள்ளூர் போலீசுக்கோ சிறப்பு சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். ஹெச்.எம். இந்த இரண்டிலும் வரமாட்டார். ஆதாரம் தேடுவது போலீஸ் வேலை. சொல்லாமல் விட்டால் 21-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது.

மதுரைக்காரன்:
தலைமை ஆசிரியருக்கு ஒரு வருஷம் என்று எங்கள் பயிற்சியில் சொன்னார்களே?

கோர்ட் வாசல்:
அது தனக்குக் கீழ் வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால். இங்கே புகார் சித்தப்பா மேல் என்பதால், சொல்லாமல் விட்டால் ஹெச்.எம்.முக்கும் அதே ஆறு மாதம்தான்.

ரிட்டயர்டு வாத்தியார்:
சட்டம் பேசுவது சுலபம். ஸ்டேஷன் வரைக்கும் போய்விட்டால் அந்தப் பிள்ளை படிப்பையே நிறுத்திவிடுவார்கள். முதலில் அம்மாவைக் கூப்பிட்டுப் பேசிப் பாருங்கள்.

குழந்தை டாக்டர்:
ஐயா சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் அம்மாவிடம் சொன்ன அன்றைக்கே சித்தப்பா காதுக்கும் போய், மறுநாள் பிள்ளை "நான் அப்படிச் சொல்லவே இல்லை மிஸ்" என்பாள். என்னிடம் வந்த பிள்ளைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். படிப்பு, பாதுகாப்பெல்லாம் பார்க்கத்தான் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, போலீஸ் 24 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். வாக்குமூலம் வாங்க சீருடையில் வரக்கூடாது, ராத்திரி ஸ்டேஷனில் வைக்கவும் கூடாது. டீச்சர், அவளைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதித் தேதி போட்டு வையுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-ல் பேசுங்கள்.

கணக்கு டீச்சர்:
சரி, நாளைக்கே மகளிர் ஸ்டேஷனுக்குப் போகிறேன். எழுதித்தான் கொடுக்கணுமா?

கோர்ட் வாசல்:
எழுதியே கொடுங்கள், "என்னிடம் இப்படிச் சொன்னாள்" என்கிற அளவில். புகார் வந்தது என்பதற்கு மட்டும் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பப் பார்த்தால், வழக்குப் பதிவான எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். பதிவு செய்யாமல் விடுகிற அதிகாரிக்கும் அதே 21-வது பிரிவுதான்.