டேட்டாபேஸ் ஓடுகிறது, இணைப்பு மட்டும் வரவில்லை: முகவரியால் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

போன வாரம் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இது. அப்ளிகேஷனும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் ஒரே மெஷினில் ஓடிக்கொண்டிருந்தன. பாரம் கூடியதால் டேட்டாபேஸைத் தனி சர்வருக்கு மாற்றினேன். மாற்றியதும் 2003 (சர்வருடன் இணைய முடியவில்லை) என்ற பிழை வந்தது, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 111.

நான் செய்தது முழுக்கத் தப்பான வரிசை. முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு யூசரை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினேன். அப்புறம் ஃபயர்வாலில் (இணைப்புகளை வடிகட்டும் காவல்) மைஎஸ்கியூஎல்லின் வாசலான 3306 போர்ட்டைத் திறந்தேன். பிங் அடித்தால் பதில் வருகிறது, ஆனால் இணைப்பு இல்லை. கடைசியில்தான் புது சர்வருக்குள் போய் எஸ்எஸ் கட்டளை கொடுத்து, டேட்டாபேஸ் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று பார்த்தேன். 127.0.0.1:3306 என்று இருந்தது. உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் நிறுவினால் பைண்ட்-அட்ரஸ் (எந்த முகவரியில் காத்திருப்பது என்ற அமைப்பு) அப்படித்தான் வரும். அந்த மெஷினுக்குள்ளிருந்து கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்லும், வெளியிலிருந்து யார் வந்தாலும் கதவே கிடையாது.

அந்த இடத்தில் சர்வரின் உள் ஐபியை (உள் நெட்வொர்க்கில் அதன் முகவரி) போட்டு ரீஸ்டார்ட் செய்தேன். உடனே 1130 வந்தது, இந்த ஹோஸ்டுக்கு அனுமதி இல்லை என்று. அப்போது நொந்துபோனேன். இப்போது யோசித்தால், அதுதான் இரண்டு நாளில் கிடைத்த முதல் நல்ல செய்தி. அதுவரை சர்வர் வரை போகவே இல்லை, இப்போது சர்வரே பேசுகிறது. யூசரை லோக்கல்ஹோஸ்டுக்கு (அதே மெஷினுக்கு) மட்டும் உருவாக்கியிருந்தேன். அப்ளிகேஷன் சர்வரின் ஐபிக்கு அதே யூசரை உருவாக்கி உரிமை கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இதுபோல் முகவரி விஷயத்தில் மாட்டியவர்கள் எழுதுங்கள். அடுத்து வருகிறவருக்கு அந்த இரண்டு நாளாவது மிஞ்சட்டும்.

* * *

அந்த அடைப்புக்குறி எண்ணை யாரும் தாண்டிப் போகாதீர்கள். லினக்ஸில் 111 என்றால் அந்த மெஷின் வரை போய்விட்டோம், அந்தப் போர்ட்டில் யாரும் இல்லை, அல்லது ஃபயர்வால் முகத்துக்கு நேராக மறுத்துவிட்டது. 110 என்றால் பதிலே வரவில்லை. பெரும்பாலும் நடுவில் ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டை விழுங்கியிருக்கும், அல்லது அந்த ஐபியில் எதுவுமே இருக்காது. 113 என்றால் வழியே இல்லை. 1045 (யூசரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை) வந்தால்தான் பாஸ்வேர்டைத் தொட வேண்டும். மற்ற மூன்றிலும் பாஸ்வேர்டு இன்னும் கேட்கப்படவே இல்லை.

பிங் பதில் சொன்னால் மெஷின் உயிரோடு இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். போர்ட் திறந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

* * *

என்னுடையது வேறு மாதிரி. நோட் (ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) 16-லிருந்து 18-க்கு மாறினோம். புரோகிராமில் ஒரு வரிகூட மாற்றவில்லை. மோங்கோடிபி டேட்டாபேஸ் அதே மெஷினில் 27017 போர்ட்டில் ஓடுகிறது, ஷெல்லில் போனால் இணைகிறது, அப்ளிகேஷன் மட்டும் மறுக்கப்பட்டது என்கிறது.

பிழையை எத்தனை தடவை படித்திருப்பேன், ஆனால் முகவரியைப் பார்க்கவில்லை. 127.0.0.1 இருக்க வேண்டிய இடத்தில் ::1 இருந்தது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு ஐபிவி4 (பழைய முறை, 127.0.0.1), ஐபிவி6 (புதிய முறை, ::1) என்று இரண்டு முகவரிகள் இருக்கலாம். முன்பு நோட், ஐபிவி4-ஐ முன்னால் தள்ளி வைத்துவிடும். 17-ஆம் பதிப்பிலிருந்து சிஸ்டம் கொடுக்கிற வரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. எங்கள் மெஷினில் ::1 முதலில் வந்தது, டேட்டாபேஸோ 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்தது. இணைப்பு வரியில் லோக்கல்ஹோஸ்டை எடுத்துவிட்டு 127.0.0.1 என்று எழுதினேன், முடிந்தது.

மைஎஸ்கியூஎல்லில் இதே பெயருக்கு இன்னொரு குணமும் உண்டு. லினக்ஸில் லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்தால் அதன் கிளையண்ட் நெட்வொர்க் பக்கமே போகாது, ஒரே மெஷினுக்குள் பேசுவதற்கான சாக்கெட் ஃபைலைத் தேடும். அந்த ஃபைல் வேறு இடத்தில் இருந்தால் 2002 என்ற பிழை வரும். அதே மெஷின், அதே டேட்டாபேஸ், 127.0.0.1 என்று கொடுத்தால் இணைந்துவிடும். இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் பலரும் சுற்றுகிறார்கள்.

* * *

புரோகிராம்களைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. கண்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கண்டெய்னர்தான். பக்கத்துக் கண்டெய்னரில் இருக்கும் டேட்டாபேஸை காம்போஸ் ஃபைலில் (பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் அமைப்பு ஃபைல்) கொடுத்த சர்வீஸ் பெயரால்தான் கூப்பிட வேண்டும். போர்ட்டை 3307:3306 என்று திறந்திருந்தால், 3307 வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு. கண்டெய்னரிலிருந்து கண்டெய்னருக்கு 3306தான். இது பலருக்கும் தெரிந்திருக்கும்.

என்னை அலைக்கழித்தது வேறு. விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்கான பாதுகாப்பான இணைப்பு) வழியாக அலுவலக போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்குப் போவேன், அது 172.18 என்று தொடங்கும் முகவரியில் இருக்கிறது. ஒருநாள் காலையில் 'வழி இல்லை' என்று பிழை. மற்ற எல்லோருக்கும் இணைகிறது, என் லேப்டாப்பில் மட்டும் இல்லை. விபிஎன்னை அழித்து மறுபடி நிறுவினேன். சர்வரைப் பார்த்துக்கொள்கிறவரிடம் போய், உங்கள் பக்கம்தான் ஏதோ அடைத்திருக்கிறது என்று சண்டையே போட்டேன். அவர் பொறுமையாக, "அந்த ஐபிக்கு உங்கள் மெஷின் எந்த வழியாகப் போகிறது என்று ஒருமுறை பாருங்களேன்" என்றார்.

பார்த்தால் பாக்கெட் விபிஎன்னுக்கே போகவில்லை, டாக்கர் உருவாக்கிய பிரிட்ஜுக்குள் (கண்டெய்னர்களுக்கான உள் நெட்வொர்க்) போகிறது! முதல்நாள் மாலை புதிய காம்போஸ் புராஜெக்ட் ஒன்றை ஓட்டியிருந்தேன். டாக்கர் தானாக 172.18.0.0/16, அதாவது 172.18 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதையும் அதற்கு எடுத்துக்கொண்டது. அதனால் அலுவலக டேட்டாபேஸ் என் லேப்டாப்புக்குள்ளேயே இருப்பதாக லேப்டாப் நம்பியது. அந்த நெட்வொர்க்கை அழித்து, டாக்கரின் அமைப்பில் வேறு முகவரித் தொகுப்பைக் கொடுத்தேன். சர்வரைப் பார்த்துக்கொள்கிற அந்த நண்பரிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். விபிஎன்னும் டாக்கரும் ஒரே மெஷினில் வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

* * *

ஒரு வேண்டுகோள். அவசரத்தில் பைண்ட்-அட்ரஸை 0.0.0.0 என்று போட்டு, யூசருக்கு % (எந்த ஹோஸ்டிலிருந்தும் வரலாம்) கொடுத்து, "இப்போது வேலை செய்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். 0.0.0.0 என்றால் அந்த மெஷினின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் காத்திரு என்று பொருள். பொது ஐபி இருக்கும் சர்வராக இருந்து, முன்னால் ஃபயர்வாலும் இல்லையென்றால், உலகத்துக்கே கதவைத் திறந்து வைத்த மாதிரி. நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில் யாரோ அப்படி மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். லாகைத் திறந்தால் தெரியாத ஐபிக்களிலிருந்து ரூட் (தலைமை யூசர்) பெயரில் உள்ளே வர முயற்சி வரிசையாக இருந்தது. அன்றைக்குக் கை நடுங்கியது உண்மை.

மைஎஸ்கியூஎல் 8.0.13-லிருந்து பைண்ட்-அட்ரஸில் கமா போட்டுப் பல முகவரிகள் கொடுக்கலாம். 127.0.0.1-உம் உள் ஐபியும் போதும். டாக்கரில் வெறுமனே 3306:3306 என்று எழுதினால் எல்லா முகவரிகளிலும் திறக்கும், யுஎஃப்டபிள்யூ (உபுண்டுவின் ஃபயர்வால்) விதிகளையும் தாண்டிவிடும். முன்னால் 127.0.0.1: சேர்த்து எழுதுங்கள்.

* * *

உள் ஐபியைப் போடச் சொன்னவர்களுக்கு ஒன்று. அந்த ஐபி நிலையானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் சர்வர் டிஹெச்சிபியில் (ஐபியைத் தானாக ஒதுக்கும் முறை) இருந்தது. மின்சாரம் போய் வந்த பிறகு வேறு ஐபி கிடைத்தது. போஸ்ட்கிரெஸ் கிளம்பவே இல்லை. கேட்ட முகவரியை ஒதுக்க முடியவில்லை என்று லாகில் ஒரே வரி. நாங்கள் டேட்டா கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து பேக்கப்பைத் தேடிக்கொண்டிருந்தோம்.

* * *

கேள்வி எழுதியவன்தான். மேலே உள்ளதைப் படித்ததும் போய்ப் பார்த்தேன், என் புது சர்வரும் டிஹெச்சிபியில்தான் இருக்கிறது. ரவுட்டரில் அதன் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அந்த ஐபியை ஒதுக்கிவிட்டேன். சர்வரை ஒருமுறை ரீபூட் செய்து பார்த்தேன், அதே ஐபியில் எழுந்து வந்தது. எல்லோருக்கும் நன்றி.