புன்னையைத் தமக்கையாகப் பார்த்ததுபோல் தற்காலக் கவிதைகள் உண்டா?

சூழலியல் கவிதைத் தொகுப்புக்கு உதவி வேண்டும். சங்க நூலான நற்றிணையின் 172-ஆம் பாடலில், புன்னையடியில் உன்னோடு சிரித்துப் பேச நாணுகிறோம் என்று தலைவனிடம் சொல்கிறாள் தோழி. விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்து, நெய் கலந்த பால் ஊற்றி வளர்த்த மரம் அது. ‘உங்கள் தமக்கை’ என்றாள் தாய். மரத்துக்கான வணக்கம் முழுதும் அந்தக் கூச்சத்தில்தான் இருக்கிறது.

இப்படி, ஓர் உயிரின் முன்னால் மனிதரின் நடத்தை மாறும் கவிதைகளே தேவை. ‘இயற்கை அன்னையே’ வகை வேண்டாம் (ஏற்கெனவே குவிந்துகிடக்கிறது!), அங்கே மரம் மறைந்து, விளிக்கும் குரல்தான் மிஞ்சுகிறது. மரமோ பறவையோ, பெயரோடு வரட்டும். 30 வரிக்குள். கவிஞர், நூல், பதிப்பாண்டு, பக்க எண் அவசியம். தட்டச்சில் வரிப்பிரிப்பு குலைந்துவிடும் என்பதால் அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். பாறை, ஆறு உயிரல்ல என்றாலும், அவற்றைப் பற்றிய இத்தகைய கவிதைகள் கிடைத்தால் முதலில் அவை.