மறு: ஓவர் எக்ஸ்போஷருக்குத் தமிழ் - ஒரு சொல் போதாது

> ‘மிகை வெளிப்பாடு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பது என் கட்சி. வெளிப்பாடு என்றதும் முகபாவம்தான் நினைவுக்கு வருகிறது. மிகை வெளிப்பாடு என்றால் மேடையில் தேவைக்கு மேல் அழுகிறவர். காரணத்துக்கு, அதாவது கேமராவில் ஒளி அளவுக்கு மீறி விழுவதற்கு, ‘மிகையொளி’ போதும். அதனால் படத்துக்கு ஆகும் விளைவுக்குத்தான் இரண்டு சொல் வேண்டும்.

போன பண்டிகையில் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முந்தின நாள் தொட்டபெட்டாவில் ஒரே பனிமூட்டம். எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலுக்கு இழுப்பது கேமராவின் குணம்; வெள்ளை மூட்டத்தையும் அழுக்காக்கிவிடும். அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணிக்கும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +2 வைத்திருந்தேன், அதாவது நான்கு மடங்கு ஒளி. அணைத்தாலும் என் கேமராவில் அது மாறாது. மறுநாள் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) ஹெத்தையம்மன் பண்டிகை. பளீர் வெயில், படுகர்கள் எல்லாரும் வெள்ளை உடையில். 20 படம் எடுத்தபிறகுதான் திரையைப் பார்த்தேன். துணி இருந்த இடமெல்லாம் ஒளி மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கையாகக் கறுப்பாக மினுக்கியது, ஹிஸ்டோகிராம் (இருளிலிருந்து வெளிச்சம் வரை காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டி நின்றது. லென்ஸைத் துடைத்தேன், ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்வு அளவைப் பார்த்தேன், 100 தான், அதிகமில்லை. கடைசியில்தான் அந்த +2 கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்து ரா கோப்புகளை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை) திறந்து ஒளியைக் குறைத்தேன். முகங்களும் பின்னாலிருந்த தேயிலைச் செடிகளும் மீண்டுவிட்டன. வெளிறித்தான் போயிருந்தன, தொலையவில்லை. ஒரு பாட்டி தோளில் போட்டிருந்த துணியில் மட்டும் ஒரு மடிப்புகூடத் திரும்பி வரவில்லை. குறைக்கக் குறைக்க வெள்ளை சாம்பலானது, அவ்வளவுதான். அந்த இடத்தில் ஒளியை வாங்கும் சென்சார் தாங்கும் அளவு நிரம்பிவிட்டது. அதற்கு மேல் விழுந்த ஒளி கணக்கிலேயே ஏறவில்லை. ஜேபெக்கில் பார்த்தால் மூன்று நிறமும் 255, அதாவது உச்ச அளவு.

ஸ்டூடியோக்காரர் இரண்டையும் ‘ஓவர் ஆயிருச்சு’ என்று முடித்துவிடுவார். ஆனால் ஒன்றைக் காப்பாற்றலாம், மற்றதை அழித்துவிட்டு மறுபடி எடுக்க வேண்டியதுதான். ஆகவே முதலாவது வெளிறல், இரண்டாவது தெவிட்டல். பள்ளி வேதியியலில் தெவிட்டிய கரைசல் எல்லாரும் படித்ததுதானே, எவ்வளவு கலக்கினாலும் இனி உப்பு கரையாது. தின்பண்டத்துக்குச் சொல்வதை ஒளிக்குச் சொல்வதா என்று கேட்பீர்கள். போதும் போதும் என்றபிறகும் ஊட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் சென்சாருக்கும் ஆகிறது.

வெளிறு என்பதற்குக் குறளில் (503) அறியாமை என்று பொருள். +2 மறந்த ஆளுக்கு அதுவும் பொருந்தும், விடுங்கள்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. நிறத்தின் சாச்சுரேஷனையும், அதாவது நிறத்தின் அடர்த்தியையும், தெவிட்டல் என்று எழுதினால் குழம்பும். அதை ‘வண்ணச் செறிவு’ என்று பிரித்துவிடலாம். அப்புறம் மெனுவில் ‘தெவிட்டிய பகுதிகளைக் காட்டு’ என்று போட்டுப் பாருங்கள். இடம் போதுமா என்று மொழியாக்கம் செய்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.